ஆர்லிஸ் மூடிய மேல்நிலைப் பள்ளி

ஆர்லிஸ் நைகார்ட் பள்ளிக் குழுத் தேர்தலில் நிற்கவே இல்லை. அமெரிக்காவில், வடக்கு டகோட்டா மாநிலத்தில் எங்கள் ஹால்விக் மாதிரி ஊர்களில் ஓட்டுச்சீட்டின் அடியில் ஒரு வெற்றுக் கோடு இருக்கும். அச்சடித்த பேர் பிடிக்கவில்லையென்றால் நமக்குப் பிடித்த பேரை அதில் எழுதிவிடலாம். அந்த வருஷம் பள்ளிக் குழு, செலவைக் குறைக்கிறோம் என்று இசை ஆசிரியரின் வேலையைப் பாதி நாளாக்கியிருந்தது. ஆர்லிஸின் மகள் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தாள். ஆர்லிஸ் தபாலாபீஸிலும் மளிகைக் கடையிலும் தேவாலயத்துச் சமையலறையிலும் இதற்கு நியாயம் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஊர், அந்தக் கோட்டில் அவர் பேரையே எழுதிப் போட்டுவிட்டது.

முடிவு தெரிந்த அன்று அவர் கணவர் மைலோ டிராக்டரை நிறுத்திவிட்டு வந்து, "இப்ப என்ன பண்ணப் போற?" என்று கேட்டாராம்.

"மியூசிக் டீச்சரை மறுபடி முழு நாளாக்கிட்டு ராஜினாமா பண்ணிடுவேன்."

இசை ஆசிரியரின் வேலை முழு நாளாயிற்று. ஆர்லிஸ் ராஜினாமா செய்யவில்லை. இருபது வருஷத்துக்கும் மேலாகக் குழுவில் இருந்தார். அதில் பாதிக்கு மேல் தலைவராக.

நான் ஹால்விக்கில் ஆங்கில ஆசிரியையாக வந்து சேர்ந்தபோது அவர் தலைவராகி இரண்டொரு வருஷம் ஆகியிருந்தது. நேர்காணலில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பனியில கார் சறுக்கினா பிரேக்கை மிதிப்பியா, மாட்டியா?" மாட்டேன் என்றேன். "அப்ப மார்ச் வரைக்கும் உயிரோட இருப்பே. மத்ததை வெண்டல் கேப்பாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். வெண்டல் ஆஸ்ட்பி பள்ளிக் கண்காணிப்பாளர். பெரிய பதவிதான். ஆனால் எங்கள் ஊரில் அந்தப் பதவிக்காரர்தான் விடிகாலையில் வாசல் பனியைத் தள்ளுவார், பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பார், சமையல்காரம்மா வராத நாளில் தட்டும் கழுவுவார்.

பள்ளி என்றால் ஒரே செங்கல் கட்டடம். ஐந்து வயசுப் பிள்ளை கிழக்கு வாசலில் நுழைந்தால், பதினெட்டு வயசில் பட்டமளிப்புத் தொப்பியோடு மேற்கு வாசலில் வெளியே வரும். குழுவில் ஐந்து பேர். மாதம் ஒருமுறை நூலகத்தில், சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகளில், முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்து கூட்டம் நடத்துவார்கள். நல்ல நாற்காலி வாங்கலாம் என்று வெண்டல் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "வசதியா உக்காந்தா கூட்டம் முடியாது" என்று ஆர்லிஸ் மறுத்துவிட்டார்.

பள்ளிக்கு வருமானம் இரண்டு வழி. நிலவரி ஒன்று. பிள்ளைகளின் தலையை எண்ணி மாநில அரசு தருவது இன்னொன்று. நிலம் அப்படியேதான் இருந்தது. தலைகள்தான் குறைந்துகொண்டே வந்தன. நான்கு குடும்பம் உழுத நிலத்தை இப்போது ஒரே குடும்பம் பெரிய இயந்திரம் வைத்து உழுதது. மற்ற மூன்று குடும்பங்களும் ஃபார்கோ நகரத்துக்குப் போய்விட்டன. ஒரு வீட்டார் சாமான் ஏற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், எங்கள் ஆசிரியர் அறையில் அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும்.

அப்படி நிலம் சேர்த்தவர்களில் முதல் ஆள் கேலன் ஷெர். அவரும் பள்ளிக் குழுவில் இருந்தார். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆர்லிஸோடு படித்தவர், அகலமான ஆள். குரல் மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாமல் மெல்லிசாக இருக்கும். வரி ஏற்ற வேண்டும் என்று எந்தத் தீர்மானம் வந்தாலும் அவர் ஓட்டு 'வேண்டாம்'. வட்டாரத்திலேயே அதிக நிலவரி கட்டுகிறவர் அவர்தான் என்பதால் அதில் ஒரு நியாயமும் இருந்தது.

"கேலன், உன் அறுவடை கம்பைனுக்கு உள்ள ஏசி இருக்கு. பிள்ளைங்க வகுப்புல கோட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு" என்பார் ஆர்லிஸ்.

"நாம படிக்கும்போதும் கோட்டுப் போட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தோம்."

"அதான் உன் கையெழுத்து இன்னும் நடுங்குது."

இரண்டு பேரும் சிரிக்காமலே இதைச் சொல்லிக்கொள்வார்கள். கூட்டம் முடிந்து வாசலில் கேலனின் வண்டி கிளம்பாவிட்டால் ஆர்லிஸ் தன் வண்டி பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு உசுப்பிக் கொடுப்பார்.

உடற்பயிற்சிக் கூடத்தின் கூரை ஒழுகத் தொடங்கியபோது, பழுது பார்க்கக் கடன் பத்திரம் வெளியிட வேண்டியிருந்தது. அதற்கு ஊர் ஓட்டுப் போட வேண்டும். ஐந்தில் மூன்று பங்கு பேர் சம்மதிக்க வேண்டும். இரண்டு முறை தோற்றது. பாதிக்கு மேல் கிடைத்தது, மூன்று பங்கு கிடைக்கவில்லை. கூடைப்பந்து ஆட்டத்தின் நடுவே நடுவர் விசிலடிப்பார், வெண்டல் துடைப்பத்தோடு ஓடிப்போய் தரையைத் துடைப்பார், ஆட்டம் தொடரும். வெளியூர் அணிகள் எங்களைக் கேலி செய்தன. மெர்டன் ஊர்ப் பிள்ளைகள் ஒருமுறை குடையோடு வந்து உட்கார்ந்தார்கள்.

மெர்டன் என்றால் எங்களுக்கு ஆகாது. பக்கத்து ஊர்தான், பக்கத்துப் பள்ளி வட்டாரம்தான். எங்களைவிடக் கொஞ்சம் பெரிசு. அங்கே ஆஸ்பத்திரி உண்டு, எங்களுக்கு இல்லை. எங்களிடம் மாநிலப் போட்டிவரை போன கூடைப்பந்து அணியின் கோப்பை உண்டு, அவர்களிடம் இல்லை. அந்த அணியில் ஆடியவர்களில் மைலோ நைகார்டும் ஒருவர். மைலோ மாரடைப்பில் இறந்தபோது சவ ஊர்வலம் பள்ளி வழியாகத்தான் போயிற்று.

அவர் போன அடுத்த குளிர்காலத்தில்தான் ஆர்லிஸ் ஒரு நாள் முழுக்கப் பள்ளியில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று வந்தார். மாநிலத் தேர்வு முடிவுகள் அப்போதுதான் வந்திருந்தன. எல்லா ஊருக்கும் எண் இருந்தது. எங்கள் மேல்நிலை வகுப்புகளுக்கு நேரே வெறும் நட்சத்திரக் குறி. பிள்ளைகள் மிகவும் குறைவாக இருந்தால் மதிப்பெண்ணைச் சொல்லக் கூடாது. யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று ஊருக்குத் தெரிந்துபோய்விடும் அல்லவா. ஊரில் பலருக்கு அந்த நட்சத்திரத்தில் நிம்மதிதான். ஆர்லிஸுக்கு இல்லை.

"நம்ம பிள்ளைங்க படிக்குதா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியலன்னா, நான் தலைவரா இருந்து என்ன பண்றேன்?" என்றார் என்னிடம்.

என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். நன்றாக நடத்துவதாகச் சொல்லிவிட்டு, ஜன்னல் விரிசலுக்கு ஒட்டுவதற்கு நாடா கொண்டுவந்து கொடுத்தார். அடுத்தது இயற்பியல் வகுப்பு. எனக்கு அந்த நேரம் ஓய்வு, அதனால் கூடவே போனேன்.

இயற்பியலுக்கு எங்களிடம் ஆசிரியர் இல்லை. வேறு ஏதோ ஊரில் இருக்கும் ஓர் ஆசிரியர் டிவி திரையில் பாடம் நடத்துவார். ஒரே சமயத்தில் நான்கைந்து பள்ளிகள் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் அறையில் மூன்றே பிள்ளைகள். அவர்களில் கெண்ட்ரா என்ற பெண் கெட்டிக்காரி, பண்ணை வேலைக்காரர் ஒருவரின் மகள். பாடத்தின் நடுவே அவள் கையைத் தூக்கினாள். திரையில் இருந்தவர் கவனிக்கவில்லை. வேறு பள்ளிப் பையன் ஒருவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கெண்ட்ரா கையை இறக்கவில்லை. வலித்ததோ என்னவோ, வலது கையை இறக்கி இடது கையைத் தூக்கினாள். அவர் பலகையைத் துடைத்து அடுத்த கணக்குக்குப் போனார். கெண்ட்ரா கையை இறக்கி, மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தில் கோபம்கூட இல்லை. பழகியிருந்தது.

ஆர்லிஸ் எழுந்து வெளியே போனார். கோப்பைகள் வைத்த கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றார். நான் போய் நின்றதும், "அந்தப் பொண்ணு என்ன கேக்க நினைச்சா?" என்றார்.

"தெரியலையே. வேணா கேட்டுட்டு வரட்டுமா?"

"கேட்டா மட்டும் உனக்கும் எனக்கும் பதில் தெரியுமா?"

அடுத்த கூட்டத்தில் அவர் தீர்மானம் கொண்டுவந்தார்: ஹால்விக் வட்டாரமும் மெர்டன் வட்டாரமும் ஒன்றாகட்டும். ஆரம்பப் பள்ளி இரண்டு ஊரிலும் அப்படியே இருக்கட்டும். மேல்நிலைப் பள்ளி மெர்டனில் மட்டும்; அங்கே இயற்பியலுக்கு நேரில் ஓர் ஆசிரியர் இருக்கிறார். ஹால்விக்கில் அதை மூடிவிடலாம்.

 வெண்டல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இணைப்பு நடந்தால் இரண்டு கண்காணிப்பாளர் தேவையில்லை. அவருக்கும் அது தெரியும். ஆர்லிஸ் முன்னாலேயே அவரிடம் சொல்லியிருந்தார். "எப்படியும் எனக்கு முதுகு வலிக்குது ஆர்லிஸ். இனிமே மெர்டன்காரன் பனி தள்ளட்டும்" என்றாராம் அவர்.

அந்த வாரத்திலிருந்து ஆர்லிஸ் காபிக் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். பேசாமல் இருப்பதுதான் எங்கள் ஊரில் பெரிய தண்டனை. அவர் தினமும் போனார். வழக்கமான மேஜையில் உட்கார்ந்து, வழக்கம்போல் காபியில் தண்ணீர்தான் அதிகம் என்று குறை சொல்லிவிட்டு வந்தார்.

ஒரு மத்தியானம் கேலன் ஷெர் ஆர்லிஸின் வீட்டுக்கு வந்தார். நான் அன்று பொதுக் கூட்ட அறிவிப்பைத் திருத்திக் கொடுக்கப் போயிருந்தேன். கேலன் தொப்பியைக் கழற்றாமலே சமையலறை மேஜையில் உட்கார்ந்தார்.

"வரியை ஏத்து. எவ்வளவு வேணும்னாலும் ஏத்து. நான் சரின்னு ஓட்டுப் போடறேன். மத்தவங்களையும் போட வைக்கிறேன். ஸ்கூலை மூடாத" என்றார்.

ஆர்லிஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கூரைக்குக் கேட்டேன். வேணாம்னே. ஸ்கூலைச் சூடாக்கற பாய்லருக்குக் கேட்டேன். வேணாம்னே."

"அப்ப ஸ்கூல் இருந்துச்சு."

ஆர்லிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காபி ஊற்றி, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக்கில் ஒரு துண்டை அவர் முன்னால் தள்ளினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பணத்தை நீ தந்துடுவே, நம்பறேன். ஃபிசிக்ஸ் வாத்தியாருக்கு எங்க போவே? வருஷா வருஷம் விளம்பரம் போடறோம். ஒரே ஒருத்தர்தான் வந்தாரு. ஊரைச் சுத்திக் காட்டினோம். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிக்காம கிளம்பிட்டாரு. சரி, வாத்தியாரும் வந்துட்டாருன்னு வை. பிள்ளைங்களுக்கு எங்க போவே? உன் பெரியப்பா பண்ணையில ஒரு காலத்துல எத்தனை பிள்ளைங்க இருந்துச்சு? இப்ப அங்க யார் இருக்கா?"

கேலன் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பெரியப்பா பண்ணை இப்போது அவருடையது. அந்த வீட்டை இடித்துச் சூரியகாந்தி போட்டிருந்தார்.

"நான் நிலம் வாங்கினதாலதான் ஸ்கூல் போச்சுங்கறியா?" என்றார் கடைசியில், அந்த மெல்லிய குரலில்.

"இல்ல கேலன். நீ வாங்கலன்னா வேற எவனாவது வாங்கியிருப்பான். அவன் வண்டிக்கு நான் கேபிள் போட்டிருக்க மாட்டேன், அவ்வளவுதான்."

அவர் எழுந்து போய்விட்டார். கேக்கைத் தொடவில்லை. அதற்கப்புறம் அவர் ஆர்லிஸோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

பொதுக் கூட்டம் அந்த ஒழுகும் கூடத்தில்தான் நடந்தது. ஊரே வந்திருந்தது. பழைய கூடைப்பந்து ஆட்டக்காரர் ஒருவர் எழுந்து, "மைலோ உயிரோட இருந்திருந்தா உனக்கு இந்தத் தைரியம் வந்திருக்குமா, ஆர்லிஸ்?" என்றார். கூடத்தில் சலசலப்பு. அது அடிமடியில் கை வைக்கிற பேச்சு என்று இணைப்பை எதிர்த்தவர்களுக்கே தெரிந்தது.

ஆர்லிஸ் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கொண்டார். "மைலோ இருந்திருந்தா எனக்கு எதிராத்தான் ஓட்டுப் போட்டிருப்பாரு. வீட்டுக்கு வந்து ராத்திரி சாப்பாட்டுல ரெண்டு பேரும் பேசாம இருந்திருப்போம். எங்களுக்கு அது பழக்கம். ஆனா அவர் ஆடின அந்த டீம்ல மாத்து ஆட்டத்துக்குப் பெஞ்சுல உக்கார ஆள் இருந்துச்சு. இப்ப நம்ம டீம்ல ஒரு பையனுக்குக் கால் சுளுக்கினா அஞ்சு பேர் ஆட வேண்டிய இடத்துல நாலு பேர் ஆடறாங்க. பிள்ளைங்க நமக்காக ஆடிக்கிட்டிருக்காங்க. படிக்கறதும் அப்படித்தான் ஆயிடுச்சு. நாம பாத்து சந்தோஷப்படறதுக்காக அவங்க இங்க உக்காந்திருக்காங்க."

பிறகு ஒரு தாய் எழுந்தாள். "என் மகன் எவ்வளவு நேரம் பஸ்ல உக்காரணும்? இருட்டுல போய் இருட்டுல வருவானா?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல எந்தப் பிள்ளையும் பஸ்ல உக்காராது. அதுக்கு நான் பொறுப்பு" என்றார் ஆர்லிஸ்.

இணைப்புக்கான ஓட்டெடுப்பில் மெர்டன் பெரிய வித்தியாசத்தில் சம்மதித்தது. அவர்களுக்கும் பிள்ளைகள் குறைந்துகொண்டுதான் இருந்தார்கள் என்பது அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஹால்விக்கில் தீர்மானம் மயிரிழையில் ஜெயித்தது. முடிவை வாசித்த அன்று ஆர்லிஸ் சந்தோஷமாக இல்லை. மேற்கு வாசலில் நின்று, கதவின் பித்தளைக் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

புது வட்டாரத்துக்குப் புதுக் குழு. ஹால்விக் பக்கத்துக்கென்று இடங்கள் ஒதுக்கினார்கள். ஆர்லிஸ் இந்த முறை முறைப்படி நின்றார், தோற்றார். மோசமாகத் தோற்றார். ஆறுதல் சொல்லப் போனேன். தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தவர், "சரியாத்தான் போட்டிருக்காங்க. ஸ்கூலை மூடினவளுக்கு யாரு ஓட்டுப் போடுவா? நானா இருந்தாலும் யோசிச்சிருப்பேன்" என்று சொல்லி, ஒரு பை கிழங்கைக் கையில் கொடுத்தார்.

பள்ளி திறக்கச் சில வாரங்கள் இருக்கும்போது எங்கள் வடக்குத் தடத்துக்குப் பஸ் ஓட்டுநர் கிடைக்கவில்லை. இரண்டு தடங்களை ஒன்றாக்கிவிடலாம் என்று புதுக் குழு முடிவு செய்யப் பார்த்தது. செய்தால் கடைசி வீட்டுப் பிள்ளைகள் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். ஆர்லிஸ் மெர்டனுக்குப் போய் ஓட்டுநர் பயிற்சிக்குப் பேர் கொடுத்தார். அப்போது அவருக்கு எழுபதை நெருங்கும் வயசு.

"பெரிய வண்டி ஓட்டியிருக்கீங்களா, மேடம்?" என்று கேட்டானாம் அங்கிருந்த பயிற்சியாளன்.

"கோதுமை லாரி ஓட்டியிருக்கேன். கோதுமை பின்னாடியிருந்து காகிதம் விட்டெறியாது, அதான் வித்தியாசம்."

முதல் முறை தேறவில்லை. பின்னோக்கி எடுக்கும்போது ஒரு கம்பத்தைச் சாய்த்துவிட்டார். இரண்டாம் முறை தேறினார். மஞ்சள் பஸ்ஸின் பக்கவாட்டில் 'மெர்டன் - ஹால்விக்' என்று எழுதியிருந்தது. ஆறு வருஷம் அதை ஓட்டினார். பஸ்ஸில் சண்டை போட்டால் இறக்கிவிட மாட்டார். முன் சீட்டில் உட்காரவைத்துத் தேவாலயப் பாட்டு பாடுவார். பிள்ளைகள் அதற்குப் பயந்தே ஒழுங்காக இருந்தார்கள்.

அதில் இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ, ஜனவரியில் ஒருநாள், மத்தியானமே பள்ளியை விட்டுவிட்டார்கள். புயல் எதிர்பார்த்ததைவிட முந்திக்கொண்டு வந்தது. பாதி வழியில் காற்று பனியைக் கிளப்பி, சாலையும் வானமும் ஒரே வெள்ளையாகிவிட்டது. ஆர்லிஸ் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டி, சாலையோரப் புல்லைப் பார்த்துப் பார்த்து வண்டியை ஊர்ந்து செலுத்தினார். பெரிய பிள்ளை ஒருத்தியை வலப்பக்கம் நிற்கவைத்து, வேலி தெரிந்தால் சொல்லச் சொன்னார். அப்படிக் கண்ணில் பட்ட முதல் வேலி கேலன் ஷெருடையது. வாசலில் பஸ்ஸை நிறுத்தி ஹாரனை அமுக்கிப் பிடித்தார்.

கேலன் கதவைத் திறந்தார். வருஷக்கணக்கில் பேசாத மனுஷர். எதிரே பனி அப்பிய முகத்தோடு ஆர்லிஸும், அவர் பின்னால் ஒருவர் கோட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு பிள்ளைகளும் நின்றார்கள்.

கேலன் பஸ்ஸைப் பார்த்தார். "மெர்டன் பேர் எழுதின வண்டி என் வாசல்ல நிக்குது."

"ஹால்விக்னும் எழுதியிருக்கு. பனி மூடியிருக்கு, உனக்குத் தெரியல. தள்ளு, குளிருது."

அவர் தள்ளி நின்றார். டிராக்டர் பழுது பார்க்கும் அவருடைய கொட்டகை பெரிசு. நல்ல சூடு உண்டு; பிள்ளைகளை அங்கே உட்காரவைத்தார்கள். ஆர்லிஸ் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, பிள்ளைகள் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார். கேலனின் மனைவி பெரிய பாத்திரத்தில் மாவு உருண்டை போட்ட சூப் காய்ச்சினாள். கேலன் பிள்ளைகளை கம்பைனில் ஏற்றிக் காட்டினார், ஒவ்வொருவராக, வரிசையில் நிற்கவைத்து. ஒரு பெண் இறங்க மனமில்லாமல், உள்ளே இருந்த பட்டன்களைக் காட்டி, இது எப்படி வேலை செய்கிறது, அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். நிலத்தின் சரிவை அது எப்படித் தெரிந்துகொள்கிறது என்று கேட்டபோது கேலனுக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பெண்ணே ஏதோ சொன்னாள், மெர்டன் பள்ளி ஃபிசிக்ஸ் சாரிடம் நாளைக்கு உறுதியாகக் கேட்டுவந்து சொல்வதாகவும் சொன்னாள்.

சாயங்காலம் காற்று தணிந்து, பனி தள்ளும் வண்டி வந்தது. பெற்றோர் ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். கடைசிப் பிள்ளை போனதும் கேலன், ஆர்லிஸ் உட்கார்ந்திருந்த பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அந்த ஃபிசிக்ஸ்காரரு, நல்ல வாத்தியாரா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் அலட்டல் பேர்வழி. ஆனா நல்லா சொல்லித் தராரு."

"மார்க்கு?"

"மேத்ஸ்ல மாநில சராசரிக்குக் கீழதான் இருக்கோம். இப்பல்லாம் நட்சத்திரம் கிடையாது, எண்ணே போட்டுடறாங்க. குழுக் கூட்டத்துல நான் போய்க் கத்திட்டுத்தான் வரேன், என்ன பண்ணப் போறீங்கன்னு."

"இன்னும் போறியா?"

"யார் வேணும்னாலும் போகலாம். பொதுக் கூட்டந்தானே. முன் வரிசையில உக்காந்துக்குவேன். அங்க நாற்காலி நல்லா இருக்கு. அதான் கூட்டம் ரொம்ப நேரம் இழுக்குது."

அடுத்த மாதத்திலிருந்து அந்த முன் வரிசையில் இரண்டு பேர் உட்கார ஆரம்பித்தார்கள். கேலன் செலவுகளைக் கேள்வி கேட்பார். ஆர்லிஸ் பாடங்களைக் கேள்வி கேட்பார். ஒருவர் பேசும்போது இன்னொருவர் தலையை ஆட்டி மறுப்பார். நானும் அப்போது மெர்டனில்தான் கற்பித்துக்கொண்டிருந்தேன். குழுவில் இருந்த ஓர் இளைஞன் ஒருநாள் என்னிடம் ரகசியமாகக் கேட்டான்: "இவங்க ரெண்டு பேரும் புருஷன் பெண்டாட்டியா?" இல்லை, ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்றேன்.

கண் பார்வை மங்கியதும் ஆர்லிஸ் பஸ் சாவியைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அந்தத் தடத்தை இப்போது கேலனின் மருமகள் ஓட்டுகிறாள். ஆர்லிஸ் மெர்டனில் முதியோருக்கான குடியிருப்பில் இருக்கிறார். போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். பள்ளிக் குழுத் தேர்தல் வருகிறதே, யார் நிற்கிறார்கள் என்று விசாரித்தார். பேர்களைச் சொன்னேன். ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு குறை சொன்னார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீதான் இப்ப ரிட்டயர் ஆயிட்டியே, சும்மாதானே இருக்கே?" என்றார்.

நான் தேர்தலில் நிற்பதற்கான மனுவில் கையெழுத்து வாங்குவதற்காக அங்கிருந்தே நாலு பேருக்குப் போன் செய்துவிட்டார். முதல் போன் கேலனுக்கு.